விட்டுப்போன சைபர்

அந்த மர நாற்காலியைப் பற்றிப் போன வாரமே நிறையப் பேசிவிட்டோம். இருந்தாலும் இன்றைய கூத்து முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது என்பதால் இன்னும் ஒரு வார்த்தை.

கல்லாப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் நாற்காலி அது. சோலோ நகரின் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஃபிரிட்ஜும் மின்விசிறியும் குக்கரும் விற்கிற அந்தக் கடையில், வினார்சி அம்மா காலமெல்லாம் உட்கார்ந்து தேய்த்த நாற்காலி. முழங்கால் வலி தாங்காமல் அவர் எழுந்தபோது, மூத்த மகள் ருக்மிதான் அடுத்து உட்காருவாள் என்று தெருவே எதிர்பார்த்தது. அம்மா கையைக் காட்டியதோ மருமகள் உத்தாரியை. ஏன் என்று சொல்லவில்லை. வினார்சி அம்மா எதற்குத்தான் காரணம் சொல்லியிருக்கிறார்?

உத்தாரியின் கணவன் செனோ, கடல் தாண்டி கலிமந்தானில் நிலக்கரி லாரி ஓட்டுகிறான். பெருநாளுக்கு வந்தால் உண்டு. அவன் இல்லாத அந்த வீட்டில் உத்தாரி ஒரு விருந்தாளி மாதிரிதான் இருந்தாள். யாரும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் சமையலறையில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மாமியார் தன் மகளை ‘கெண்டுக்’ என்று கூப்பிடுவார். ஜாவாவில் பெற்ற பெண்ணைக் கொஞ்சிக் கூப்பிடுகிற சொல் அது. மருமகளுக்கு வெறும் ‘உத்தாரி’தான்.

கல்லாவில் உட்கார்ந்த அன்றுதான், இது என் வீடு என்று அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது. அந்த நினைப்புக்கு இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. அதற்குள் இந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஃபிரிட்ஜ் வரிசைக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை, தலையில் கறுப்புத் தொப்பி, பளபளவென்று துடைத்த செருப்பு. கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவர் வழியில் இறங்கிவிட்டாரோ என்று நினைக்கத் தோன்றும். ஒவ்வொரு ஃபிரிட்ஜாகத் திறந்து, உள்ளே தலையை நீட்டிப் பார்த்து, தூங்குகிற குழந்தை இருக்கிற அறைக் கதவைப் போல மெதுவாக மூடினார்.

“என் வீட்டுக்காரி தவெத் சர்பத் விக்கிறாம்மா. கருப்பட்டிப் பாகு, தேங்காப்பாலு எல்லாம் ஊத்தி நல்லா பண்ணுவா. ஆனா தினமும் ஐஸ் வாங்கியே லாபம் பூரா கரைஞ்சு போகுது. அதான் சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்னு” என்றார் உத்தாரியிடம்.

“எந்த ஊருங்கய்யா?”

“கர்த்தசுரா. ரயில்வே கேட்டுல வேலை பார்த்தேன். கேட்டுக்கார மர்த்தோன்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க.”

அவர் கடைசியில் தொட்டு நிறுத்திய ஃபிரிட்ஜின் விலை அட்டையில் 4.750 என்று எழுதியிருந்தது. இந்த ஊரில் விலையின் கடைசி மூன்று சைபரை யாரும் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை. நாலாயிரத்து எழுநூற்றைம்பது என்றால் நாற்பத்தேழரை லட்சம் ரூப்பியா என்று பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் வசதியாக முழுங்கிவிட்ட அந்த மூன்று சைபரையும் கல்லாக்காரிதான் ஞாபகமாகத் திரும்பப் போட வேண்டும்.

அதற்கென்றே கடையின் பழைய கார்டு மெஷினில் மூன்று சைபரும் சேர்ந்தாற்போல ஒரு பொத்தான் இருந்தது. ஒரே அழுத்தில் வேலை முடிந்துவிடும். அந்த மெஷின் முந்தாநாள் உயிரை விட்டது. நேற்று மாலை வந்த புது மெஷினில், அதே மூலையில் அதே மாதிரி ஒரு பொத்தான். அதில் இருந்தது இரண்டு சைபர்தான்.

பெரியவர் கார்டை நீட்டிய நேரம் பார்த்து ருக்மி வாயைத் திறந்தாள். புருஷனை விட்டுப் பிரிந்து தாய்வீட்டுக்கு வந்து சில வருஷம் ஆன ருக்மிக்கு, நாக்கு மட்டும் நாளுக்கு நாள் கூர்மையாகிக்கொண்டு வந்தது.

“அம்மா, இவ எழுதுற பில்லைக் கொஞ்சம் பாரேன். ஒண்ணு எது, ஏழு எதுன்னு இவளுக்காவது தெரியுமா?”

வினார்சி அம்மா மோடாவில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

“எப்படி வேணா எழுதட்டும் கெண்டுக். கணக்கு ஒரு தடவை இடிக்கட்டும். அன்னைக்கே அந்த நாற்காலி உனக்கு. நான் யாருக்கும் பாவம் பார்க்கிறவ இல்ல.”

வெளியாள் முன்னால் சொன்ன சொல். உத்தாரிக்குக் காது மடல் சுட்டது. நாலு, ஏழு, ஐந்து, சைபர் என்று அழுத்தினாள். பிறகு பழக்கதோஷத்தில் அந்த மூலைப் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்திவிட்டு மெஷினைப் பெரியவர் பக்கம் திருப்பினாள்.

மர்த்தோ திரையைப் பார்க்கவில்லை. அவர் கண் அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது. அப்புறம் ரகசிய எண்ணை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினார்.

சீட்டு கரகரவென்று வெளியே வந்தது. இனிமேல் நடந்ததுதான் வேடிக்கை. முதல் வியாபாரத்துப் பணத்தால் கடையில் உள்ள சாமான்களை ஒரு தட்டு தட்டினால் அன்று முழுக்க வியாபாரம் ஓடும் என்பது இங்கே வழக்கம். பணமாக இருந்தால் நோட்டு இருக்கும். கார்டுக்கு எதைத் தட்டுவது?

“சீட்டை எடுத்துத் தட்டு. அதுவும் காசுதானே?” என்றார் வினார்சி அம்மா.

உத்தாரியும் சீட்டை எடுத்துக்கொண்டு கடை முழுக்க வலம் வந்தாள். “விக்கட்டும், விக்கட்டும்” என்று சொல்லி மின்விசிறியைத் தட்டினாள், குக்கரைத் தட்டினாள், துணி துவைக்கும் மெஷினைத் தட்டினாள். அந்தச் சீட்டில் என்ன அச்சாகியிருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. ஒரு சைபர் குறைந்த சீட்டை ஊர்வலம் விட்டுவிட்டு, பத்திரமாகக் கம்பியில் குத்தினாள்.

கடை வண்டியில் ஃபிரிட்ஜ் ஏறியது. பெரியவர் பஸ் ஏறினார்.

மதியம் தொழுகைக்கு மாமியார் மாடிக்குப் போன பிறகு, உத்தாரி பில்லையும் சீட்டையும் சேர்த்து வைக்க உட்கார்ந்தாள். பில்லில் 4.750.000. சீட்டில் 475.000. கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள். சீட்டு மாறவில்லை.

ஃபிரிட்ஜ் விலையில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு சலாம் போட்டு அனுப்பியிருக்கிறாள். மீதியை அவள் கையிலிருந்து கட்டுவதென்றால்கூட, செனோவிடம் சொல்லி எப்படியாவது புரட்டிவிடலாம். ஆனால் நாற்காலி? நாளைக் காலை அந்த நாற்காலியில் ருக்மி உட்கார்ந்திருப்பாள். இவள் மறுபடியும் எந்த டப்பாவில் சீனி என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்.

“என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

ருக்மிதான். இந்த ஒரு மாதமாக அவளுக்குப் புதுப் பழக்கம் ஒன்று. கொல்லைப்புறம் போய் நின்று யாரிடமோ போனில் குசுகுசுவென்று பேசுவது. அன்றும் பேசி முடித்துவிட்டு வந்தவள், உத்தாரியின் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

உத்தாரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது மாடிப்படியைப் பார்த்து ஒரு கத்தல் வரும் என்று எதிர்பார்த்தாள்.

கத்தல் வரவில்லை. “அந்த ஆளுக்குப் போன் பண்ணு” என்றாள் ருக்மி தணிந்த குரலில்.

“போன்ல எப்படிக்கா கேக்கிறது? அவ்வளவு பெரியவர்கிட்ட... நீங்க காசு கம்மியா குடுத்துட்டீங்கன்னு...”

ருக்மிக்கும் அது முடியாது. சோலோவில் ஒரு பெரிய மனிதரிடம் போனில் பணம் கேட்பதும், நடுத்தெருவில் நிறுத்திச் சட்டையைப் பிடிப்பதும் ஒன்றுதான். எந்தச் சங்கடமான விஷயமானாலும் நேரில் போய், உட்கார்ந்து, டீ குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் மெல்ல எடுக்க வேண்டும்.

“சரி, போ. என் ஸ்கூட்டரை எடுத்துக்கோ. அம்மா கேட்டா சில்லறை மாத்தப் போயிருக்கான்னு சொல்றேன்.”

“அக்கா... நீங்களா?”

“ஏன், நான் சொன்னா உனக்கு வேப்பங்காயா இருக்கா? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதடி. அம்மா இறங்கறதுக்குள்ள கிளம்பு. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

கர்த்தசுராவில் கேட்டுக்கார மர்த்தோ வீடு எது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வாசல் நிறையச் செருப்பு கிடந்த வீடுதான். முன்னறையில் பாதியை ஃபிரிட்ஜ் அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிப் பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆளாளுக்கு அதைத் தடவிக் கொடுத்தார்கள். ‘ஃபிரிட்ஜ் கடையிலிருந்து வருகிறேன்’ என்றாள் உத்தாரி வாசலில் நின்றபடி.

“கடையிலேர்ந்தே வந்துட்டாங்களா! இந்தப் பொண்ணைப் பத்தித்தான் எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டே இருந்தார். வாம்மா, வா வா, மேல வா!”

மர்த்தோவின் மனைவி துமிரா. குள்ளமாக, உருண்டையாக, சிரிப்பை அடக்கத் தெரியாத முகம். உத்தாரியைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அடுத்த நொடி வாழைக்காய் பஜ்ஜித் தட்டும் டீயும் வந்துவிட்டன.

“ஐயா... இல்லீங்களா?”

“போனை என்னமோ பார்த்தார், விசுக்குனு எந்திரிச்சு வெளிய போயிட்டார். வந்துருவார். நீ டீயைக் குடி. சாமான் குடுத்துட்டு, சரியா வந்து சேர்ந்துச்சான்னு நேர்ல வந்து விசாரிக்கிற கடை இந்த உலகத்துல எங்க இருக்கு? பாத்தீங்களாடி?”

பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி, அடுத்த மாதம் மின்விசிறி வாங்க உங்கள் கடைக்குத்தான் வருவேன் என்றாள். இன்னொருத்தி, உத்தாரியின் கன்னத்தைத் தொட்டு, என் பிள்ளைக்கு இப்படி ஒரு பெண் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்த்தாள்.

உத்தாரி இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பாள்? ‘இந்த ஃபிரிட்ஜுக்கு இன்னும் காசு முழுசாக வரவில்லை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் அது ‘மர்த்தோ ஏமாற்றிவிட்டான்’ என்று போய்ச் சேரும். இந்தச் சிரிப்பு அப்புறம் இந்த முகத்தில் இருக்குமா? நாற்காலி போனாலும் போகட்டும், அந்தப் பாவம் மட்டும் வேண்டாம் என்று பஜ்ஜியை வாயில் போட்டு அடைத்துக்கொண்டாள்.

இவள் இங்கே பஜ்ஜி தின்கிற நேரத்தில், அங்கே கடையில் நடந்ததையும் பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

வினார்சி அம்மா மாடியிலிருந்து இறங்கினார். கல்லாவில் ருக்மி உட்கார்ந்திருந்தாள்.

“அவ எங்க?”

“சில்லறை மாத்தப் போயிருக்கா.”

“சில்லறை மாத்தவா? பெட்டி நிறைய இருந்துச்சே.”

“அதெல்லாம் கிழிசல் நோட்டும்மா.”

அம்மா மகளை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் வாசலில் நிழலாடியது. காலையில் பார்த்த அதே பாத்திக் சட்டை, அதே கறுப்புத் தொப்பி. சட்டை மட்டும் இப்போது வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. மர்த்தோ உள்ளே வந்ததும் கண்ணால் கல்லாவைத் தேடினார். அங்கே வேறு பெண் இருப்பதைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

“வாங்க, வாங்க. ஃபிரிட்ஜ்ல ஏதாவது கோளாறா?” என்றார் வினார்சி அம்மா.

“இல்லீங்க இல்லீங்க. அருமையா இருக்கு. ஒரு சின்ன சந்தேகம்... ப்ளக் பத்தி. காலையில இருந்த பொண்ணு...?”

“வெளிய போயிருக்கா. எங்கிட்ட கேளுங்களேன்.”

“அவசரமில்லீங்க. அந்தப் பொண்ணே வரட்டும். அதுதான் எனக்கு நல்லா விளங்குற மாதிரி சொல்லிச்சு.”

ருக்மிக்கு விளங்கிவிட்டது. இந்த ஆள் எதற்கு வந்திருக்கிறார், ஏன் சொல்லாமல் நெளிகிறார் என்று எல்லாமே. காலையில் அம்மா தைலம் தேய்த்தபடி சொன்ன சொல்லை இவர் காதால் கேட்டிருக்கிறார். இப்போது வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் நாற்காலி போய்விடும் என்று பயந்து, ப்ளக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். ருக்மி தலையைக் குனிந்துகொண்டாள். ஊர் பேர் தெரியாத ஒரு மனிதருக்கு இருக்கிற இரக்கம், காலையில் தனக்கு எங்கே போயிற்று என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வினார்சி அம்மா டீ வரவழைத்தார். மர்த்தோ குடித்தார். வெயிலைப் பற்றிப் பேசினார்கள். முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசினார்கள். இரண்டாவது டீ வந்தது. கேட்டை மூடினால் மோட்டார் சைக்கிள்காரர்கள் எப்படியெல்லாம் திட்டுவார்கள் என்று அவர் சொல்ல, அம்மா சிரித்தார். மூன்றாவது டீயும் வந்தது. ப்ளக் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

“உங்களுக்கு நேரமாகலியா?” என்று ஒரு தடவை கேட்டார் அம்மா.

“நான் காத்திருந்தே சம்பளம் வாங்கினவன். எனக்கு இது ஒரு பொருட்டா?” என்றார் மர்த்தோ.

கர்த்தசுராவில் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். கடைசிச் செருப்பும் வாசலை விட்டுப் போனதும், துமிரா கதவைச் சாத்திவிட்டு உத்தாரியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

“அம்மாடி, நீ ஃபிரிட்ஜைப் பார்க்க வரல. எனக்குத் தெரியும். நீ பஜ்ஜி தின்ன அழகைப் பார்த்தேனே. என்ன விஷயம்? அவங்க இருந்ததால நானும் கேக்கல.”

உத்தாரி வாயைத் திறந்தாள். கண்ணீர்தான் வந்தது.

“அழாத. அவர் போகும்போது ஒண்ணு சொன்னார், எனக்கு அப்ப புரியல. பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. பார்த்துட்டு, ‘ஐயையோ, ஒரு சைபர் குறையுதே, அந்தப் பொண்ணு திட்டு வாங்குமே’ன்னுட்டு ஓடினார். போட்டிருந்த சட்டையைக்கூட மாத்தல. சாப்பாடு அப்படியே மூடி வெச்சிருக்கேன்.”

“எங்க... எங்க போனாருங்க?”

“உங்க கடைக்குத்தான்! வேற எங்க?”

உத்தாரி அப்படியே குனிந்து துமிராவின் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பெற்றவள் உயிரோடு இல்லை. நெடுநாளாக அவள் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை. தான் பணம் கேட்கப் பயந்து இங்கே உட்கார்ந்திருக்க, கேட்காமலே கொடுக்க ஒரு மனிதர் சாப்பிடாமல் பஸ் ஏறிப் போயிருக்கிறார் என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“போ, போ. அங்க போய் அவரைக் காப்பாத்து. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், ஏதாவது உளறிடப் போறார்” என்று துமிரா ஒரு டப்பா நிறையப் பஜ்ஜியையும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

உத்தாரி மூச்சிரைக்கக் கடைக்குள் நுழைந்தபோது மர்த்தோ சட்டென்று எழுந்தார்.

“வந்துட்டியாம்மா! அந்த... அந்த ப்ளக்...” என்று தொடங்கியவர், “ரெண்டு ஓட்டையா, மூணு ஓட்டையா?” என்று முடித்தார்.

வினார்சி அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மோடாவிலிருந்து எழுந்தார்.

“அடுப்புல சோறு வெச்சேன். கெண்டுக், வா, வந்து இறக்கு.”

“சோறு காலையிலயே...” என்றாள் ருக்மி.

“வான்னா வா.”

இருவரும் உள்ளே போனார்கள். கடையில் மர்த்தோவும் உத்தாரியும் மட்டும் நின்றார்கள். அவர் பையிலிருந்து கார்டை எடுத்து வைத்தார்.

“சீக்கிரம்மா. மிச்சத்தைப் போடு.”

“ஐயா, உங்க வீட்டுக்குத்தான் போயிருந்தேன். அங்க எல்லாரும் இருந்தாங்க, கேக்க முடியல...”

“கேக்காம வந்தியா? நல்ல காரியம் பண்ணினே. துமிரா தலைநிமிர்ந்து நடக்கிறவ.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “சரி, அமுக்கு. இந்தத் தடவை நான் எண்ணறேன். கூட்ஸ் வண்டிப் பெட்டி எண்ணியே பழகின ஆளு நான்.”

உத்தாரி நாலு, இரண்டு, ஏழு, ஐந்து என்று அழுத்தினாள். பிறகு ஒவ்வொரு சைபராக அழுத்த, அவர் விரல் விட்டு எண்ணினார்.

“ஒரு பெட்டி. ரெண்டு பெட்டி. மூணு பெட்டி. அவ்வளவுதான், கேட்டைத் திற!”

சீட்டு வந்தது. உத்தாரி அதை எழுத்து எழுத்தாகப் படித்தாள். சரியாக இருந்தது. காலை மதியம் என்று நெஞ்சில் ஏறியிருந்த பாரம் முழுக்க ஒரே மூச்சில் இறங்கியது. அல்ஹம்துலில்லா என்று உதடு தானாகச் சொன்னது.

“உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே எனக்குத் தெரியலீங்கய்யா. நீங்க வராமலே இருந்திருக்கலாம். வந்ததும் அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம். ரெண்டும் பண்ணல.”

மர்த்தோ தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

“நான் கேட்டை மூடினப்பல்லாம் ஊர்ல இருக்கிறவன் பூரா என்னைத் திட்டியிருக்கான்மா. ரயில் பத்திரமா போயிடும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். நன்றின்னு ஒருத்தர் வாயால கேக்கறது எனக்கு இதுதான் முதல் தடவை. அது போதும். இன்னிக்கு உன் முதல் போணி எங்களுதும்மா. அது குறையோட நிக்கக் கூடாது.”

பஜ்ஜி டப்பாவை அவர் கையில் கொடுத்தாள். மூடியைத் திறந்து பார்த்து, “இது என் வீட்டுப் பஜ்ஜியாச்சே!” என்று அவர் சிரித்த சிரிப்பில், வாசலில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நின்ற நிலையிலேயே இரண்டைத் தின்றுவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனார்.

சாயங்காலம் கடைக் கதவை இறக்குகிற நேரம். உத்தாரி மனதைத் திடப்படுத்திக்கொண்டு மாமியார் முன்னால் போய் நின்றாள். கணக்கு சரியாகிவிட்டது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படி ஒளித்து வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

“அம்மா, இன்னிக்குக் காலையில நான்...”

“மதியம் சாப்பிட்டியா?”

“இல்லம்மா. நான் சொல்ல வந்தது...”

“ருக்மி, உன் நகப்பாலிஷ் எங்க? அந்தச் சிவப்பு.”

ருக்மி திருதிருவென்று விழித்துக்கொண்டே எடுத்து வந்தாள். வினார்சி அம்மா புது மெஷினை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, இரண்டு சைபர் பொத்தானில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். பக்கத்தில் ஒற்றைச் சைபரில் இன்னொரு பொட்டு வைத்தார். காய ஊதினார்.

“ஒரு மனுஷன், வேர்க்க விறுவிறுக்க பஸ் ஏறி வந்து, ப்ளக்குக்கு எத்தனை ஓட்டைன்னு கேக்க மதியம் பூரா உட்கார்ந்திருப்பானா? எனக்கு முழங்கால்தான் போச்சு, மூளை போகல” என்றார். “அவர் வாயைத் திறந்து சொல்லியிருந்தா, நான் காலையில சொன்ன வார்த்தையைக் காப்பாத்தியாகணும். எங்க சொல்லிடப் போறாரோன்னு டீ மேல டீயா ஊத்தி அடைச்சேன். அந்தப் புண்ணியவான் அதுக்குமேல அழுத்தக்காரர்.”

கர்த்தசுராவில் ஒருத்தி, கல்லாவில் ஒருத்தி, மோடாவில் ஒருத்தி, ப்ளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர். உத்தாரிக்காக இத்தனை பேர் ஒரே நாளில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவளோ, தனக்கு இந்த ஊரில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியிருக்கிறாள்.

“இப்ப நீயே சொல்ல வந்தே பாரு. அது எனக்குப் போதும்.” மாமியார் மெஷினை அவள் கையில் வைத்தார். “நாளைக்கு உட்காரும்போது, முதல்ல இந்தப் பொட்டு, அப்புறம் அந்தப் பொட்டு. விளங்குச்சா, கெண்டுக்?”

“விளங்குச்சும்மா” என்று சொன்னது ருக்மி. பழக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தது உத்தாரியை.

உத்தாரி மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். வினார்சி அம்மாவும் அது தெரிந்துதானோ என்னவோ, தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

ருக்மி நகப்பாலிஷ் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நாத்தனார் மனதில் என்ன ஓடுகிறதோ என்று உத்தாரிக்குப் பயமாக இருந்தது.

“அக்கா, கோபமா?”

“கோபமா? எனக்கா? அடிப் பைத்தியமே.” ருக்மி மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அந்த நாற்காலி எனக்கு வேணும்னு யார்டீ சொன்னா? அதுல உட்கார்ந்தா இந்தக் கடையை விட்டு நான் எங்க போக முடியும்?”

“போறதா? எங்கக்கா போகப் போறீங்க?”

நகப்பாலிஷ் மூடியைத் திருகிக்கொண்டே இருந்த ருக்மியின் முகம், உத்தாரி இதுவரை பார்த்திராத விதமாகச் சிவந்திருந்தது.

“மதியம் ஸ்கூட்டர் குடுத்தேன்ல? பதிலுக்கு நீ ஒண்ணு பண்ணணும். ஞாயித்துக்கிழமை, மதியுன் ஊர்லேர்ந்து ஒருத்தர் குக்கர் வாங்க வருவார்.”

“வரட்டுமே. அதுக்கென்ன?”

“அவருக்குக் குக்கர் வேண்டாம்டி.”